மேக்கணக்கு ஆணிப்பலகை

கீனாவத்தைத் தோட்டத்து மேக்கணக்குக் காற்றை நான் இருபத்தாறு வருஷம் மருந்தாகக் கொடுத்தவன். அங்கே நான் டிஸ்பென்சர். இழுப்பு என்று யார் வந்தாலும் ஒரு போத்தல் கலவை கொடுப்பேன். கூடவே, "பின்னேரம் மூணு மணிக்கு மேல ஏறிப் போயி மூச்சை நல்லா இழுத்து விடு" என்பேன். கலவை முடிந்துபோன மாதங்களில் காற்று மட்டும்தான் மருந்து. கித்துல்கலச் சந்தியில் நின்று அண்ணாந்து பார்த்தால், களனி கங்கைக்கும் இறப்பர் மரங்களுக்கும் மேலே ஒரு மொட்டை மேடு தெரியும். அதுதான் தோட்டத்தின் மேல் பிரிவு, மேக்கணக்கு. அங்கே ஒரு மாதம் காற்று வாங்கிய கிழவன் இறங்கி வந்ததும் பெண் பார்க்கச் சொல்லுவான் என்று ஊரெல்லாம் பரப்பி வைத்திருந்தேன். பிணத்தை அந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போனால் பாதி வழியில் எழும்பித் தேத்தண்ணி கேட்கும் என்றும் ஒருதரம் சொன்னேன். இரண்டு பேர் நம்பினார்கள்.

அந்தக் காற்றுத்தான் பிலோமினம்மாவைக் கள்ளி ஆக்கியது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். சண்டை ஓய்ந்திருந்தது. சோதனைச் சாவடிகள் கழன்றதும், கொழும்பில் நின்ற வாகனமெல்லாம் அவிழ்த்துவிட்ட மாடுகள் மாதிரி ரோட்டுக்கு வந்துவிட்டன. கங்கை ஓரமாகக் கீழே போகப் போக, நேற்றுத் தென்னந்தோப்பாக இருந்த இடத்தில் இன்று ஆலைக் கூரை. எங்கள் கம்பெனிக்காரர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. இறப்பர்ப் பாலை உறையவைத்து ஷீட்டாக அடித்து விற்றது போதும், இனிச் சாமானாகச் செய்து விற்போம் என்று மேக்கணக்கு மேட்டில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, இறப்பர் வளையம் செய்யத் தொடங்கினார்கள். பொட்டலம் கட்ட, சாடி வாய் மூட, பெண்பிள்ளைகள் தலைமயிர் முடிய என்று சின்னதும் பெரிதுமாக வளையங்கள். பதினொரு பெண்களுக்கு அங்கே வேலை.

விடிய வெட்டி இறக்கிய பால் பத்து மணிக்குக் கொட்டிலுக்கு ஏறும். வடிகட்டி, வெள்ளைப் பவுடரும் கந்தகக் குழம்பும் சேர்த்துக் கலக்க வேண்டும். கண்ணாடிக் குழாய்களை அதில் முக்கி எடுத்து, காயவைத்து, கொதிநீரில் வேகவைத்து, தோலை உரித்து, குறுக்கே வெட்டினால் வளையம். இதில் உயிர் எல்லாம் கலக்குகிறதில்தான் இருந்தது. அதைச் செய்தவள் பிலோமினம்மா. வாளிக்குள் மரத்துடுப்பை விட்டு, ஒரு குமிழ் எழும்பாமல், ஒரே சுற்றில் முக்கால் மணிநேரம் கிண்டுவாள். குமிழ் விழுந்த இடத்தில் வளையம் அறும். பக்கத்தில் யாராவது தும்மினால் கூட முறைப்பாள். அவள் கலக்கின பாலில் செய்த வளையத்தை ஒரு முனை கித்துல்கலச் சந்தியில் கட்டி, மறு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு யட்டியாந்தோட்டைக்கு பஸ் ஏறலாம். வளையம் அறாது. பஸ்தான் பின்னுக்கு வரும்.

வளையம் வாங்கும் வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு பரீட்சை இருந்தது. ஒரு பலகையில் ஆணி அடித்து, வளையத்தை இரண்டு மடங்கு இழுத்து ஆணிகளில் மாட்டி, மழைபடாத தாழ்வாரத்தில் திறந்த காற்றில் ஏழு நாள் தொங்கவிட வேண்டும். ஒரு கீறல் விழக்கூடாது. கார்த்திகையிலும் மார்கழியிலும் பலகை நல்ல பிள்ளையாகத் தொங்கியது. மாசி பிறந்து வானம் வெளுத்து, வெயில் தகரத்தைக் காய்ச்சத் தொடங்கியதும் வளையங்கள் வெடித்தன. நீளவாட்டில் இல்லை, குறுக்கே. குதிகால் பித்தவெடிப்பு மாதிரி நெருக்க நெருக்கமாகக் கோடுகள். விரலால் தொட்டால் அறுந்தன. இரண்டாம் பலகையும் அப்படியே.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை விடிய, எல்லாரும் கூடிப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில், உதவி மானேஜரான சின்னதுரை வந்து நின்றார். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் கீழ்க் கிராமத்துச் சிங்களச் சனம். அதனால் எதையும் இரண்டு பாசையில் சொல்லுவது அங்கே வழக்கம்.

"பிலோமினம்மாகே நம கபன்ன. ஹொரகம்!" என்றவர், தமிழுக்கு மாறினார். "பிலோமினம்மா பேர் வெட்டு. பவுடர் களவு. வேலை இல்ல."

பால்வாளிகளின் கைப்பிடி ஆடுகிற சத்தம்தான் கேட்டது.

"நான் களவெடுத்தேனா துரை? எதக் கண்டீங்க?" என்றாள் பிலோமினம்மா.

"பவுடர் கொறயப் போட்டா இறப்பர் வெடிக்கும். மிச்சம் பவுடர் எங்க போகுது, எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழம கோயில் வாசல்ல உன் மக மூஞ்சிய நான் பாத்தேன்."

மகள் ஜொய்சிக்குக் கொழும்புப் பக்கத்து வர்த்தக வலயத்தில் தையல் ஆலையில் வேலை. ஒரு மாத லீவில் வந்தவள், பூசைக்குப் போகும்போது டின்னில் பாதியை முகத்தில் கொட்டியிருந்தாள். அது உண்மைதான், தூரத்திலிருந்து பார்த்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரித்தான் இருந்தது.

புருஷன் யோசப் பின்வரிசையிலிருந்து, "துரை, அந்தப் புள்ளைக்கு என் மூஞ்சி. அவ்வளவு பவுடர் போட்டாத்தான் மறையும்" என்றான். சனம் சிரித்தது. சிரித்த வேகத்தில் அவனுக்கு இழுப்பு வந்து, வெட்டுக்கத்தியை ஊன்றிக்கொண்டு குந்திவிட்டான்.

சின்னதுரை சிரிக்கவில்லை. "கொட்டில் மூடு. ஹுஸைன் மாத்தயா மாசக் கடைசில வருவார். அப்பவும் பலகை வெடிச்சா, கொட்டில் ஒரேயடியா மூடு. இலட்சுமி, இவ கலக்கின வாளிப் பால் எல்லாம் கொட்டு."

கொழும்பிலிருந்து வளையம் எடுத்துப்போகிற ஏஜண்ட்தான் ஹுஸைன். கொட்டில் சாவி வைத்திருந்த இலட்சுமி, பிலோமினம்மாவோடு பத்து வருஷம் ஒரே மலையில் பால் வெட்டியவள். "கொட்டுறேன் துரை" என்று தலையாட்டினாள். எங்கே கொட்டுவது என்று துரை சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் யோசப்புக்கு மருந்து கொண்டு அவர்கள் லயத்து வீட்டுக்குப் போனேன். தபசுகாலம், யேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் இறைச்சி இல்லை. பிலோமினம்மா பலாக்கொட்டை அவித்து, தேங்காய்ப்பூ துருவிப்போட்டு, பக்கத்தில் கட்டசம்பலும் ரொட்டியும் வைத்திருந்தாள். நான் ரொட்டியைப் பிய்க்கும்போது அவள் அடுப்புக்கு மேலே தட்டில் இருந்த தேசிக்காய் ஊறுகாய்ச் சாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யா, இந்தச் சாடி வாய்க்கு வளையம் எப்ப போட்டேன்னு தெரியுமா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? ஊறுகாய் குடுத்தாத்தானே."

"மார்கழியில நத்தார்ப் பண்டிகை கழிச்சு மூணாம் நாளு. இன்னைக்கு வரைக்கும் இழுத்த இழுப்பில நிக்குது. பொகயில கறுத்துப் போச்சு, ஒரு வெடிப்பு இல்ல பாருங்க."

"ஒன் ஊறுகாய்க்குப் பயந்துக்கிட்டு வெடிக்காம இருக்கும்" என்றான் யோசப், பாயில் படுத்தபடியே.

"சும்மா கெட மனுசா. அய்யா, நான் பவுடரக் கொறச்சிருந்தா இதுவும்தானே வெடிக்கணும்? வளையம் பொல்லாததுன்னா எங்க மாட்டினாலும் வெடிக்கணுமா இல்லியா?"

நான் ரொட்டியை வாயில் போட மறந்துபோனேன். நான் ரொட்டியை மறந்தது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் அவளே நாலு பலகைத் துண்டு அறுத்து, ஒரே அளவில் ஆணி அடித்தாள். வெடித்த பலகைக்குச் செய்த அதே கூட்டத்து வளையங்கள், இன்னும் இழுபடாதவை, துரை கழித்துப் போட்டவை, ஒரு பை நிறையக் கிடந்தன. எல்லாப் பலகையிலும் அதையே மாட்டினாள். ஒன்று மேக்கணக்கு மேட்டில், பழைய இடத்திலேயே. ஒன்று தன் குசினியில் அடுப்புக்கு மேலே. ஒன்று சந்தியில், லொறிகள் நின்று புகை கக்கும் புவாட் நானாவின் கடை வாசலில். நாலாவது சின்னப் பலகை, என் டிஸ்பென்சரியில் இறுகிய கண்ணாடி மூடி போட்ட பெரிய போத்தலுக்குள்.

எனக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. "சந்திப் பலகைதான் முதல்ல நார் நாராப் போகும். அந்தக் கரியப் பாத்திருக்கியா? புவாட் கடையில வெள்ளச் சீனி வாங்கினா வீட்டுக்கு வாறப்ப கறுப்புச் சக்கரையாயிருது. மேக்கணக்குப் பலகை ஒண்ணும் ஆகாது, முந்தி வெடிச்சது ஏதோ கெட்ட நேரம். பந்தயம்!"

"என்னா பந்தயம்?" யோசப் எழும்பி உட்கார்ந்தான்.

"என் சேவல்."

என் சேவலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது கொத்தாத கால் தோட்டத்தில் இல்லை. பெரியதுரையின் நாய் அதைக் கண்டால் வேறு ரோட்டால் போகும். கம்பெனி டைரக்டர் ஒருவர் ஜீப்பை விட்டு இறங்காமலே தோட்டத்தைப் பார்வையிட்டுப் போனதற்குக் காரணம் அதுதான்.

"சரி" என்றான் யோசப். "நான் தோத்தா?"

"நீ தோத்தா என்னத்தக் குடுப்ப, இழுப்பையா? வேணாம் சாமி."

மேட்டுப் பலகையைப் பார்த்துவருகிற வேலை யோசப்புக்கு. நான்தான் அவனைத் தினமும் மூன்று மணிக்கு மேலே காற்று வாங்க அனுப்பிக்கொண்டிருந்தேனே. மூன்றாம் நாள் இறங்கி வந்தவன் பேச முடியாமல் கையால் சைகை காட்டினான்: குறுக்கே, குறுக்கே. ஐந்தாம் நாள் இரண்டு வளையம் தானாக அறுந்து விழுந்திருந்தது. ஏழாம் நாள் எல்லாப் பலகையும் என் மேசைக்கு வந்தன. போத்தலுக்குள் இருந்தது அன்று பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. குசினிப் பலகை கறுத்திருந்தது, ஆனால் முழுசு. சந்திப் பலகையை புவாட் நானாவே கொண்டுவந்தார். கரிக்கட்டைதான். சாரத் தலைப்பால் துடைத்துக் காட்டினார்.

"பாருங்க டிஸ்பென்சர் அய்யா. ரெண்டு மூணு மயிர்க்கோடு. அவ்வளவுதான் ஈக்கி. சேவல எப்ப அறுக்கிற?"

"தபசுகாலத்துல அறுக்க ஏலாது நானா" என்றான் யோசப். "பாஸ்கு வரைக்கும் உசுரோட இருக்கட்டும். அது என் சேவல் இப்ப. அய்யா, நல்லாத் தீனி போட்டு வளங்க."

எனக்குச் சேவல் போனதைவிட மேட்டுப் பலகைதான் நெஞ்சில் குத்தியது. எங்கள் காற்று! பிணத்தை எழுப்புகிற காற்று!

பிலோமினம்மா மெதுவாகச் சொன்னாள்: "அய்யா, கோவிக்காதீங்க. இந்த மனுசன் மேல போன நாள்லதான் பொழுதுபட இழுப்புக் கூடுது. மழ மாசத்துல மேல போகாம இருந்தப்ப நல்லா இருந்தாரு. வளையத்த வெடிக்க வைக்கிறதுதான் இவரு நெஞ்சையும் பிடிக்குதோ என்னமோ."

இருபத்தாறு வருஷம் நான் எத்தனை பேரை அந்த மேட்டுக்கு ஏற்றியிருப்பேன்! எண்ணினால் கித்துல்கலப் பாலம் தாங்காது. நான் வாயைத் திறக்கவில்லை. இதுவும் என் ஆயுளில் ஒரு தடவைதான்.

பலகைகளைத் தூக்கிக்கொண்டு அவள் சின்னதுரையிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கெட்டிக்காரர்தான், உடனே பிடித்துக்கொண்டார்.

"அப்ப காத்துத்தான் பிழை. ஹரி, சரி! பலகைய ஒரு கண்ணாடி அலுமாரில வைப்போம். ஹுஸைன் வந்தா அதத் தொறந்து காட்டு. பாஸ்! நீ வேலைக்கு வா. சத்தம் போடாம வா."

பிலோமினம்மா பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "வாங்குறவன் அலுமாரிக்குள்ள இருந்துக்கிட்டா துரை பொட்டலம் கட்டுவான்? அவன் ஊருலயும் வெயிலும் லொறியும் இருக்குமே. நாலு நாள்ல வெடிக்கும். அப்ப யாரத் திட்டுவான்? கீனாவத்தைத் தோட்டத்து வளையம்னுதானே திட்டுவான்?"

"அப்ப என்ன செய்யச் சொல்லுற?"

"எனக்கு இன்னம் தெரியல. ஹுஸைன் நானா வாறதுக்கு நாள் இருக்குதானே."

"இங்க பார், பேர் திரும்பி வேணுமா, வேணாமா?"

"வேணும் துரை. சத்தம் போடாம வேணாம்."

வழியெல்லாம் நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். கையில் வந்த வேலையை உதறிவிட்டாயே, இந்த மனுசன் இழுப்போடு எத்தனை மரம் வெட்டுவான் என்றெல்லாம். அவள் பலகைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். எனக்கோ திட்டத் திட்ட உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அவள் அந்த அலுமாரிக்குச் சரி என்று சொல்லியிருந்தால் நான் சேவலைப் போலக் கொத்தியிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை. தபசுகாலத்தில் வெள்ளிதோறும் கோயிலில் தொடங்கி, பதினாலு இடத்தில் முழங்காலிட்டு, மேக்கணக்கு மேட்டில் இருக்கும் லூர்து மாதா கெபியில் முடிப்பார்கள். நான் திருநீறு பூசுகிறவன், ஆனால் அங்கே கிடைக்கிற சுக்குக் கோப்பிக்காகப் பதினாலு இடத்திலும் முழங்காலிடுவேன். கடைசி செபத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, பிலோமினம்மா கெபிப் பக்கம் உற்றுப் பார்த்தபடி இருந்தாள். மாசி மாதத்துத் திருநாளில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிக் கட்டைகளை யாரோ ஒரு கட்டாகச் சேர்த்து, நம்ம கொட்டில் வளையமொன்றை இறுக்கிப் போட்டு வைத்திருந்தார்கள். திறந்த வெளி. ஐந்தாறு கிழமை வெயில். வளையம் முழுசாக இருந்தது.

"புதுமை!" என்று பக்கத்தில் ஒரு கிழவி கத்தினாள். "மாதா காட்டின புதுமை!"

அவ்வளவுதான். செபம் கலைந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவிசாவளையிலிருந்து சனம் வந்துவிட்டது. கண் தெரியாத ஒருவர் வளையத்தைத் தொட்டதும் கண் தெரிந்து, கூட்டத்தைப் பார்த்துப் பயந்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டார் என்றுகூட ஒரு பேச்சு. அதைக் கட்டிவிட்டது நான்தான்.

ஆனால் கிழவி கத்தின அந்த வெள்ளிக்கிழமையே பிலோமினம்மா மாதாவுக்குச் சிலுவை போட்டுவிட்டு, வளையத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நகத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"மெழுகு உருகி மேல ஊத்தியிருக்கு" என்றாள் என் காதில். "காத்து உள்ள போக வழியில்ல."

"அப்ப மாதா செய்யலியா?"

"மாதாதான் காட்டிக் குடுத்தாங்க. மிச்சத்த நாமதான் செய்யணும்."

அடுத்த நாள் அவள் குசினியைப் பார்த்திருக்க வேண்டும். துரை கொட்டச் சொன்ன வாளிப் பால் அங்கேதான் கொட்டப்பட்டிருந்தது, வாளியோடு. "துரை கொட்டச் சொன்னாரு, நான் கொண்டாந்து கொட்டிட்டேன்" என்றாள் இலட்சுமி. அதே பால், அதே பவுடர், களவு என்று பேர் வாங்கிய அதே கலவை. கெபியிலிருந்து மெழுகுதிரிக் கட்டைகள் வந்தன. போதவில்லை.

"எங்க வீட்டுல கரண்டு வெட்டுக்கு வாங்கினது நாலு கெடக்கு" என்றாள் இலட்சுமி. "அது வேதக்கோயில் திரியும் இல்ல சைவக்கோயில் திரியும் இல்ல, போடலாமா?"

"போடு போடு. உருகினாப் பெறகு என்னா சாதி."

கொஞ்சப் பாலை எடுத்து, மெழுகை உருக்கி அதில் ஊற்றினார்கள். கட்டி கட்டியாக மிதந்தது, மோரில் வெண்ணெய் மாதிரி. வளையம் செய்தால் வடு விழுந்தது. பிலோமினம்மா வடு விழுந்த வளையத்தை விரலில் உருட்டிக்கொண்டு வாசற்படியில் குந்தினாள். வெளியே துவைத்துக்கொண்டிருந்த ஜொய்சி, எண்ணெய் பட்ட சட்டையில் சவுக்காரம் தேய்த்தாள். எண்ணெய் வெள்ளையாகக் கலங்கித் தண்ணீரோடு ஓடியது. தாய் எழும்பிப் போய் அந்தச் சவுக்காரத்தை மகளின் கையிலிருந்து பறித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, சட்டை!"

"சட்டை கெடக்கட்டும்."

சவுக்காரத்தைச் சீவி, கொதிநீரில் கரைத்து, உருகிய மெழுகை நூலாக விட்டு, மத்தால் கடைந்தாள். யோசப் கொஞ்சம், இலட்சுமி கொஞ்சம், நான் கொஞ்சம் கடைந்தோம். நான் கடைந்த வேகத்தில் கூரைத் தகரம் ஆடியது. பால் மாதிரி வெள்ளையாக வந்தது. ஆறவைத்து, வாளிப் பாலில் பாதியை வேறாக எடுத்துவைத்து, மிச்சத்தில் ஊற்றி, அவள் துடுப்பைப் பிடித்தாள். முக்கால் மணிநேரம் யாரும் தும்மவில்லை. என் டிஸ்பென்சரிக் கண்ணாடிக் குழாய்களில்தான் முக்கி எடுத்தோம்.

மேக்கணக்கு மேட்டில் புதுப் பலகை ஏறியது. மேல்வரிசையில் மெழுகு போட்டது ஆறு, கீழ்வரிசையில் போடாதது ஆறு. இரண்டும் ஒரே வாளி. ஏழு நாளும் வெயில் கொளுத்தியது. இந்த முறை யோசப்பை நான் மேலே அனுப்பவில்லை, நானே ஏறினேன். மூன்று மணிக்கு மேற்கே கங்கைப் பள்ளத்தாக்கு மங்கலாக, பழைய கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரித் தெரியும். அதை இத்தனை வருஷம் மூடுபனி என்று நினைத்திருந்தேன்.

ஹுஸைன் வந்த நாள் கூடவே ஒரு பிள்ளையும் வந்தது, சுதர்ஷினி என்று பெயர். பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, படித்து, கொழும்பில் இறப்பர் சோதிக்கும் ஆய்வுகூடமொன்றில் வேலை. ஹுஸைன் பலகையைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"என்ன புதினம் இது! மேல் வரிச மாப்பிள்ள மாதிரி ஈக்கி, கீழ் வரிச செத்த மையத்தாப் போயீக்கி! ரெண்டும் ஒரே வாளியா?"

சுதர்ஷினி பூதக்கண்ணாடியை எடுத்து, கீழ்வரிசையை வெகுநேரம் பார்த்தாள். "அம்மா, இது ஓசோன் வெடிப்பு."

"ஓசோனா?" என்றான் யோசப். "அதுல ஓட்டை விழுந்திருக்குன்னு ரேடியோவுல சொன்னாங்களே. அது வழியாக் கொட்டிருச்சா?"

அவள் சிரித்தாள். "அது மேல, வெகு உயரத்தில, நமக்குக் கூரை மாதிரி. அது அங்க இருக்கணும். இது கீழயே உண்டாகிறது. வாகனப் புகை, ஆலைப் புகை எல்லாத்தையும் வெயில் வேகவைக்குது. கடல்காத்து அதைக் கங்கை வழியா மேல தள்ளிக்கிட்டு வருது. பின்னேரம் இந்த மேட்டுக்கு வந்து சேருது."

"அப்ப சந்தியில லொறிக்குப் பக்கத்துல வெடிக்கலியே புள்ள?" என்றேன், சேவலை நினைத்துக்கொண்டு.

"அங்க இப்பதான் கக்கின பச்சைப் புகை. அது ஓசோனைத் தின்னுரும். அதுக்காக அது நல்ல காத்துன்னு நெனைக்காதீங்க, அது வேற நஞ்சு."

யோசப் தலையை ஆட்டினான். "வெளங்குது, வெளங்குது. விடிய கித்துள் மரத்துல இருந்து இறக்கின தெலிஜ்ஜ, பதநீர் மாதிரி இனிப்பா இருக்கும். வெயில்ல சுமந்துக்கிட்டு மலை ஏறி வந்து சேரக்குள்ள கள்ளாப் போயிரும். கொழும்புக்காரன் தெலிஜ்ஜய அனுப்புறான், கள்ளு நமக்கு வருது."

"இதவிட நல்லா எனக்குச் சொல்லத் தெரியாது" என்றாள் சுதர்ஷினி. "இழுப்பு இருக்கவங்க வெயில் காலத்துப் பின்னேரத்தில இந்த மேட்டுக்கு ஏறாம இருக்கிறது நல்லது, அய்யா." அவள் என்னைத்தான் பார்த்துச் சொன்னாள். யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு பிலோமினம்மாவின் பக்கம் திரும்பினாள். "இதை அளக்க நாங்க மெசின் கேட்டு ரெண்டு வருஷமா கடிதம் எழுதுறோம். நீங்க ஊறுகாய்ச் சாடியில கண்டுபிடிச்சிருக்கீங்க. உள்ள போட்ட மெழுகு மெல்ல மேல கசிஞ்சு தோலா மூடிக்கிது, அந்த மெழுகு யாரு சொல்லிக் குடுத்தது?"

"மாதா" என்றாள் பிலோமினம்மா. "சவுக்காரம் எங்க ஜொய்சி."

ஹுஸைன் மேல்வரிசை வளையமொன்றைக் கழற்றி, இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தார். "சின்னதுரை, எனக்கு இந்தக் கைதான் கலக்கணும். வேற கை கலக்கினா எடுக்க மாட்டேன்."

அன்றிலிருந்து மேட்டில் ஒரு வெறும் வளையம், மெழுகு போடாதது, ஆணியில் இழுபட்டுத் தொங்குகிறது. வெயில் காலத்தில் நான் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் டிஸ்பென்சரியைத் திறந்தேன். முந்தின நாள் இல்லாத கோடு இருந்தால், இழுப்புப் பிள்ளைகளைப் பின்னேரம் வெளியே விடாதே என்று லயத்துக்கு லயம் ஆள் அனுப்புவேன். கொழும்புக்கு மெசின் வந்ததோ என்னமோ, எங்களுக்கு அதுதான் மெசின்.

ஆனால் முடிக்க வேண்டியது மறுநாள் விடியல் பிரட்டு. இரவு பெய்த முதல் மழையில் களம் ஈரமாக இருந்தது. பால்வெட்டுக்காரர், களைவெட்டுக்காரர், கீழ்க் கிராமத்துச் சனம், எல்லாரும் நின்றார்கள். பிலோமினம்மா முன்வரிசையில், வெளுத்த சேலையில். ஜொய்சி பக்கத்தில், வேண்டுமென்றே டின் முழுவதையும் முகத்தில் கொட்டிக்கொண்டு.

சின்னதுரை தொண்டையைச் செருமினார். "பிலோமினம்மா பேர் போடு. பவுடர் களவு இல்ல."

அவள் அசையவில்லை.

"என்ன, போ வேலைக்கு."

"சிங்களத்திலயும் சொல்லுங்க துரை. அன்னைக்கு ரெண்டுலயும்தானே சொன்னீங்க."

சின்னதுரையின் காது சிவந்தது. நிலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"பிலோமினம்மா ஹொரகம் கரலா நே" என்றார். பிலோமினம்மா களவெடுக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து கிராமத்துக் கிழவி ஒருத்தி கையைக் காதில் குவித்தாள். "ஆயெத் கியன்ன மாத்தயோ, எஹுனே நே!" இன்னொருக்கால் சொல்லுங்க, கேட்கவில்லை என்றாள். அந்தக் கிழவிக்கு, மூன்று மலைக்கு அப்பால் பலாப்பழம் விழுந்தால்கூடக் கேட்கும்.

சின்னதுரை மூச்சை இழுத்து, இந்த முறை களம் முழுக்கக் கேட்கச் சொன்னார். அந்தச் சத்தம் கங்கை வழியாக இறங்கி, அவிசாவளை தாண்டி, கொழும்பில் இரண்டு லொறியை நிறுத்தியது. தமிழ்ப் பெண்களும் சிங்களப் பெண்களும் வாளியில் தட்டினார்கள். என் சேவல், அதாவது யோசப்பின் சேவல், பாஸ்குவுக்கு இன்னும் பதினேழு நாள்தான் என்று தெரியாமல் கூவியது.

பிலோமினம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"கேட்டுச்சு துரை" என்றாள். "மூணு கிழமையாக் குழாயெல்லாம் கழுவாமக் கெடக்கு. நான் போறேன்."